முட்டு என்று சொல்லி வந்த இரண்டு தாய்மார்

சாவகச்சேரிப் பக்கம் பிள்ளைகளின் வலிப்பு நோய்க் கிளினிக்கில் நேர்ஸாக இருந்தேன். எதை மறந்தாலும் சுகந்தி வந்த அந்தக் காலையை மறக்கமாட்டேன். வல்வெட்டித்துறையிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். ஆறு வயது மகளின் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. வலிப்பு வந்தபோது பல்லுக்கிடையில் கரண்டியைச் செருகியிருக்கிறாள்.

“வாய்க்குள்ளை ஒண்டும் வைக்கக்கூடாது, சரிச்சுப் படுக்கவைச்சு மணிக்கூட்டைப் பாருங்கோ, ஐஞ்சு நிமிசம் தாண்டினால் உடனை ஆஸ்பத்திரி எண்டு எத்தினை தரம் சொன்னனான்?” என்று ஏசிவிட்டேன். எனக்குக் கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டு வரும்.

“எல்லாம் தெரியும் மிஸி. அவர் கடலுக்குப் போனால் நான் தனிய. பிள்ளையைப் பாக்கிறதோ, ஓட்டோவுக்கு ஓடுறதோ? பதறிப்போனன்” என்று அழுதாள்.

“பக்கத்திலை ஆரையும் கூப்பிடேலாதோ?”

“ஐயோ, அவையளுக்கு முட்டு எண்டெல்லே சொல்லி வைச்சிருக்கிறன்!”

முட்டு என்றால் எங்களூரில் ஆஸ்துமா. வலிப்பு என்று தெரிந்தால் அவளுடைய மூத்த மகளின் கலியாணம் குழம்பும் என்ற பயம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுகந்தியின் வீடு இருக்கும் அதே ஒழுங்கையிலிருந்து ராணி என்ற தாயும், அயலுக்கு முட்டு என்று சொல்லிக்கொண்டு, வலிப்புள்ள தன் மகனைக் கூட்டி வருகிறாள். ஊரார் கண்ணில் படக்கூடாதென்று இருவரும் தனித்தனியே கெஞ்ச, நான்தான் வேறு வேறு கிழமைகளில் திகதி போட்டிருந்தேன். ரகசியம் காக்கிறேன் என்று பெருமை வேறு!

“உங்கடை ஊரிலையே உங்களைப்போல ஒரு அம்மா இருக்கிறா. சந்திக்கிறியளோ?” என்று இருவரிடமும் கேட்டேன். ராணி உடனே ஓம் என்றாள். சுகந்தி ஒரு கிழமை யோசித்துத்தான் சம்மதித்தாள்.

அடுத்த கிளினிக்கில் இருவரையும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினேன். இருவரும் திகைத்துப் போனார்கள். ராணிதான் முதலில் வாய் திறந்தாள்.

“எடியே, உன்ரை பிள்ளைக்கு முட்டெண்டு நான் ஆடாதோடை அவிச்சுத் தந்தனானெல்லே!”

“அதைக் கிணத்தடியிலை ஊத்திப்போட்டன் அக்கா. உங்கடை மகனுக்கு நான் தந்த தூதுவளை?”

“அதுவும் கிணத்தடியிலைதான்!”

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த மாதம் சுகந்தியின் மகளுக்கு நிற்காத வலிப்பு. சுகந்தி கூப்பிட்ட குரலுக்கு ராணி ஓடிவந்தாள். ஒருத்தி பிள்ளையைச் சரித்து வைத்து நேரம் பார்க்க, மற்றவள் ஓட்டோவை மறித்தாள். நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளை சுகமாக வீடு திரும்பியது என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மருந்தும் அறிவுரையும் நான் குறைவில்லாமல் கொடுத்தேன். சுகந்திக்குத் தேவைப்பட்டது விஷயம் தெரிந்த ஒரு அயல்வீட்டுக்காரி. திகதியை மாற்றி மாற்றி எழுதி அவளை ஒளித்து வைத்திருந்தது நான்தான்.