பெரிய டாக்டருக்காகக் காத்திருந்த தொடை எலும்பு

எழுபதுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் மாதம், டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட் முனையில் ஸ்கூட்டர் சறுக்கி என் வீட்டுக்காரர் விழுந்தார். வலது தொடை எலும்பு நட்டநடுவில் முறிந்துவிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மீசை இப்போதுதான் முளைத்தது போல ஒரு சின்ன டாக்டர் வந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தார், முறியாத காலை டேப்பால் அளந்தார். நாளைக் காலையிலேயே ஆபரேஷன், எலும்புக்குள் நீளமாக ஒரு கம்பியை இறக்கிவிடுவோம், மூன்று நான்கு மாதத்தில் நடப்பார் என்று இந்தியில் சொன்னார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? அண்ணனுக்குப் போன் போட்டேன்.

என் அண்ணன் ஒரு ஜாயின்ட் செக்ரட்டரியின் பி.ஏ. ஆனால் கிட்வாய் நகர் காலனியில் அவர் பேசுவதைக் கேட்டால், ஜாயின்ட் செக்ரட்டரிதான் அண்ணனிடம் வேலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வீர்கள். காஸ் கனெக்‌ஷனோ ஸ்கூல் அட்மிஷனோ, நேர்வழியில் கிடைத்தால் அவருக்கு அவமானம்.

"சின்னப் பயலுவ எல்லாம் கத்தி வைக்கதுக்கா நான் இத்தன வருசமா டெல்லியில இருக்கேன்?" என்றார் வந்ததும். "பெரிய டாக்டர் கையாலதான் நடக்கணும். மாப்பிள்ள, நீங்க பேசாம படுத்திருங்க."

மறுநாள் காலை ஆபரேஷனை அண்ணன் நிறுத்த வைத்தார். மாலைக்குள் இவருடைய கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள்: சீஃப் பார்க்க வேண்டிய கேஸ். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாளுக்குக்கூடச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த கட்டிலில் தருமபுரிப் பக்கத்து ஆள் ஒருவர். சாணக்யபுரியில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். அவருக்கும் தொடைதான், கிட்டத்தட்ட அதே இடம். டெல்லியில் அவருக்குத் தெரிந்த பெரிய மனிதர் மேஸ்திரி. அந்தப் பெரிய மனிதரும் கொண்டுவந்து போட்டுவிட்டு அன்றே போய்விட்டார். நாங்கள் விட்டுக்கொடுத்த நேரத்தில் சின்ன டாக்டர் அந்த ஆளைத் தள்ளிக்கொண்டு போனார்.

"முதுகுல ஊசி போட்டுட்டு, கம்பிய சுத்தியால அடிச்சே எறக்குனாங்களாம்க்கா. டொக்கு டொக்குன்னு கேட்டுச்சாம்" என்று அவர் பெண்டாட்டி என்னிடம் சொன்னாள். பாவம் என்று நினைத்தேன்.

"பாத்தியா? ஆசாரி வேல பாத்திருக்கான்" என்றார் அண்ணன்.

இவர் காத்திருந்தார். காலை இழுத்துப் பிடிக்கப் பட்டை ஒட்டி, கயிறு கட்டி, கட்டில் கடைசியில் செங்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெரிய டாக்டர் வெளிநாட்டில் மாநாட்டுக்குப் போயிருந்தார். திரும்பியதும் ஒரு மந்திரியின் மாமியாருக்கு முழங்கால் வலி. ஒரு நாள் பத்துப் பேர் புடைசூழ வந்தார். இவர் முகத்தைப் பார்த்தார், ஜாயின்ட் செக்ரட்டரி சௌக்கியமா என்று கேட்டார், போய்விட்டார். காலைப் பார்க்கவில்லை.

நாளாக நாளாகச் சதை இழுத்துக்கொண்டு எலும்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும் என்று சின்ன டாக்டர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். செய்யுங்களேன் என்றேன். அவர் சிவப்பு மையைக் காட்டினார். அண்ணனிடம் சொன்னால், "சும்மா பயங்காட்டுதான்" என்று முடித்துவிட்டார். அண்ணனை மீற எனக்குத் துணிச்சல் இல்லை. அதற்குள் தருமபுரிக்காரர் தையல் பிரித்து, கக்கத்தில் கட்டைகளை இடுக்கிக்கொண்டு வராந்தாவில் நடமாடிக்கொண்டிருந்தார்.

இருபத்து நான்காம் நாள் ஆபரேஷன். பெரிய டாக்டர் உள்ளே போன இருபதாவது நிமிடம் வெளியே வந்தார், அண்ணனின் கையைக் குலுக்கினார், மீட்டிங் என்று காரில் ஏறிவிட்டார். உள்ளே வேலை இன்னும் மூன்று மணி நேரம் நடந்தது. கடைசியில் வெளியே வந்தது, சட்டையெல்லாம் வேர்வையாக, அதே சின்ன டாக்டர். முறிந்த முனைகள் ஒட்ட மாட்டேன் என்றன, இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டித்தான் சேர்க்க முடிந்தது என்றார். அன்றைக்கே அண்ணன் காலனி முழுக்கச் சொல்லிவிட்டார், பெரிய டாக்டரே தன் கையால் செய்தார் என்று.

முதல் முறை இவரை எழுப்பி நிறுத்தியபோது இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சின்ன டாக்டர் இரண்டு காலையும் டேப்பால் அளந்தார். வலது கால் ஒரு அங்குலம் குட்டை. இனி வாழ்நாள் முழுக்க அப்படித்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். போன் போட்டவள் நான்தானே.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத சும்மா விடக்கூடாது மாப்பிள்ள. ஹெல்த் மினிஸ்ட்ரியில எனக்குத் தெரிஞ்ச டெபுடி செக்ரட்டரி இருக்காரு. நாளைக்கே போயி பாக்கேன்."

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் சொன்னார்: "மச்சான், எடது காலு நல்லாத்தான் இருக்கு. அதையாவது விட்டு வையுங்க."

அதன் பிறகு ஆறு மாதம் அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் போன் போடவில்லை.