அக்காவின் காதும் முன் சக்கரமும்

எங்கள் அக்கா மலாக்கா மாநிலத்தில், நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், பால்மரம் வெட்டிய பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். கடைசித் தம்பியாகிய என்னிடம் இந்த நினைவுக் கட்டுரையை எழுதும் வேலை வந்து சேர்ந்ததற்குக் காரணம், குடும்பத்தில் வாய் அதிகம் உள்ளவன் நான் என்பதே. படிக்கையில் எங்காவது சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அக்காவும் என்னைப் பார்த்துச் சிரித்தே பழகியவர்.

திருமணத்திற்குப் பின் அத்தானும் அக்காவும் ஜாசினில் குடியேறினார்கள். அத்தான் பள்ளி வேன் ஓட்டினார். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே அவர் காலமானார். துக்கம் கேட்க வந்தவர்கள் இனி என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டிருக்க, அக்கா லைசென்ஸ் எடுக்கப் போய்விட்டார். அந்த வேனைத் தம் முதுமை வரை ஓட்டினார். அதில் பள்ளிக்குப் போன உங்களில் பலர், இன்று உங்கள் பிள்ளைகளோடு இந்தத் திதிக்கு வந்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு நினைவிருக்கும், அந்த வேனில் பாட்டு கிடையாது. காலையில் பிள்ளைகளை ஏற்றும் முன், கடைவரிசைச் சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஊர்ந்தபடி பிரேக்கை லேசாக மிதிப்பார். சக்கரத்தின் ஓசை சுவரில் பட்டுக் காதுக்குத் திரும்பி வரும். அதைக் கேட்ட பிறகே, "சரி, போலாம்" என்பார்.

நான் முதல் கார் வாங்கிய புதிதில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், முன் சக்கரம் கரகரவென்றது. வேறொருவனாக இருந்தால் வொர்க்‌ஷாப்புக்குப் போயிருப்பான். நான் கோயிலுக்குப் போனேன். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, பம்பரில் மிளகாயும் கட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"மழையில பிரேக் ரோட்டர் துரு புடிச்சிருக்கும்டா. ரெண்டு தடவ பிரேக் புடிச்சா போயிடும். அதுக்கா பூசணிக்காய் ஒடச்சே?"

"சத்தம் நின்னுடுச்சேக்கா."

"கோயிலுக்குப் போற வழியில பிரேக் புடிச்சியா, இல்லியா?"

அதற்குப் பிறகு எனக்கும் கொஞ்சம் சொல்லி வைத்தார். கீச்சென்று விசிலடித்தால், ரோட்டர் என்னும் இரும்புத் தட்டைக் கவ்வி நிறுத்தும் பேட் தேய்ந்துவிட்டது, தள்ளிப்போடாமல் மாற்று. மிதிக்கும்போதெல்லாம் கரகரவென்று அரைத்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது, ரோட்டரும் போயிற்று. மிதிக்கையில் காலும் ஸ்டியரிங்கும் நடுங்கினால் ரோட்டர் சமமாக இல்லை. இவ்வளவு தெரிந்ததும் நான் நிபுணனாகிவிட்டேன். ரிம் இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்ப்பதும், "பேட் தடியா இருக்கு" என்று அறிவிப்பதும் என் ஞாயிற்றுக்கிழமை அலுவல்.

அக்கா நோயுற்ற கடைசி மாதங்களில், மலாக்கா ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போவேன். ஒரு நாள் காலை அப்படிப் போய்க்கொண்டிருந்தோம். அன்று மாலை அதே காரில் என் மகள் கைக்குழந்தையோடு சிரம்பானுக்குத் திரும்புவதாக ஏற்பாடு. அக்கா பின் இருக்கையில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். சோறு இறங்காத உடம்பு. தூங்குகிறார் என்றே நினைத்தேன்.

"ரேடியோவ அடை."

"சாமி பாட்டுதானேக்கா."

"சாமி கோச்சுக்காது. அடை."

வழியில் பெம்பான் ஊர்க் கடைகள் வந்ததும் கண்ணாடியை இறக்கச் சொன்னார். சுவரோரம் ஊர்ந்தேன்.

"முன்னால, இடது பக்கம். அரைக்குது."

"நேத்துகூட டார்ச் அடிச்சுப் பாத்தேன்கா. தடியா இருக்கு."

"வெளிப்பக்கம் பாத்தே. உள்பக்கம் யாரு பாத்தா?"

"டாக்டர் காத்திருப்பாருக்கா."

"எனக்கு இன்னொரு நாள் குடுப்பாங்க. சாயங்காலம் இதுல உன் பேத்தி போறா. திருப்புடா வண்டிய."

அங்கேயே வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் மணியம் சக்கரத்தைக் கழற்றினார். வெளிப்பக்கப் பேட், நான் சொன்னபடியே தடியாக இருந்தது. உள்பக்கப் பேட்டை உருவிக் காட்டினார். பேட் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, வெறும் இரும்புத் தகடு. ரோட்டரின் உள்முகம் உழுத நிலம்போல் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது.

"பேட் நகர்ற ஆணி இறுகிப்போச்சுண்ணே. அதான் ஒரு பக்கம் மட்டும் தின்னுருக்கு. ஹைவேல அவசரத்துக்கு மிதிச்சிருந்தா நிக்காதுலா. ரோட்டரும் மாத்தணும்."

பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். மணியம் ஓடிப்போய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அக்கா காருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "பேஷண்ட் நான்தான் மணியம்" என்றார்.

மகளும் பேத்தியும் அன்று மாலை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் டாக்டர் அக்காவைப் பார்த்தார். ஓடுகிற காரில், பாட்டுச் சத்தத்துக்குக் கீழே, தம் உடம்பின் வலிக்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஒரு தகடு உரசியதை அக்கா எப்படிக் கேட்டார்? எனக்கு இன்றும் விளங்கவில்லை. கேட்டதைவிட, கேட்டதும் தம்மை மறந்து குழந்தையை நினைத்தாரே, அதை நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

சில வாரங்களில் அக்கா அமைதியாக விடைபெற்றார். அஸ்தி கரைக்க மலாக்கா கடற்கரைக்கு நான்தான் கார் ஓட்டினேன். கலசம் அக்காவின் மூத்த மகனான என் மருமகன் மடியில் இருந்தது. பெம்பான் கடைகள் வந்ததும் என் கை தானாகக் கண்ணாடிகளை இறக்கியது. சுவரை ஒட்டி ஊர்ந்து பிரேக்கை மிதித்தேன். டயர் உருளும் ஓசை மட்டும் திரும்பி வந்தது.

"சரி மாமா, போலாம்" என்றான் மருமகன்.

அக்காவின் நோயில் துணைநின்ற டாக்டர்கள், தாதியர், சமைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டார், தோள் கொடுத்த வேன் பிள்ளைகள், எனக்குத் தண்ணீர் கொடுத்த மணியம், இன்று வந்திருக்கும் நீங்கள், அனைவருக்கும் குடும்பத்தார் சார்பில் கைகூப்பி நன்றி. சாப்பிட்டுப் புறப்படும்போது ரேடியோவை அடைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, மெதுவாகப் போங்கள். மண்டபத்துச் சுவர் நீளமாகத்தான் இருக்கிறது.