கேட்டது கானாங்கெளுத்தி

“நான் கேட்டது கானாங்கெளுத்தி மேடம். நீங்க வாங்கிக் குடுத்திருக்கிறது கெளுத்தி. ரெண்டும் ஒண்ணா? இந்த ஊர்ல இருந்துகிட்டு இது கூடவா தெரியாது?”

மீன் மார்க்கெட் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கல்லூரி நூலகத்தில், ‘அமைதி காக்கவும்’ பலகைக்கு நேர் கீழே நடந்தது. ஆராய்ச்சிக் கட்டுரை வாங்கிக் கொடுக்கும் தொழிலில் கேட்கிறவருக்கு எப்போதும் அவசரம், விற்கிறவனுக்கு எப்போதும் நிதானம், நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கு எப்போதும் இரண்டு பக்கமும் இடி. நீங்களும் ஏதாவது ஒரு கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கியவரா? வாருங்கள், நாம் ஒரே சாதி.

முன்பெல்லாம் கல்லூரி வருடச் சந்தா கட்டிப் பத்திரிகைகளை வரவழைக்கும். படிக்க ஆள் இருக்கோ இல்லையோ, அது பாட்டுக்கு வரும். இப்போது சந்தா கிடையாது. யார் எந்தக் கட்டுரை கேட்கிறாரோ, அதை மட்டும் அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் வாங்கிக் கொடுக்கிறோம். வாழைத்தார் வாங்கி அழுக விடாமல் வேண்டிய சீப்பை மட்டும் வாங்குகிற குடும்பப் புத்திதான். அடுப்படியைத் தவிர வேறு ஆபீஸ் அறியாத என்னை இதில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், கான்வென்ட்டில் சிஸ்டர்கள் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ். வெளிநாட்டுக் கம்பெனிக்கு மெயில் எழுத ஓர் ஆள் வேண்டுமாம்.

அடைமொழி

சண்டை போட்டவள் வினோதா. காரைக்கால்மேட்டுப் பெண். சொந்தப் படகில் வருகிற கானாங்கெளுத்தியின் சினையை அளந்து அளந்து முனைவர் பட்டத்துக்கு எழுதி முடித்துவிட்டாள். தேர்வாளர் ஒரே ஒரு குறிப்போடு திருப்பி அனுப்பினார்: ‘இந்தக் கட்டுரை உங்கள் முடிவுக்கு மாறாகச் சொல்கிறது. படித்துப் பதில் எழுதவும்.’ பதிலில் அவளுடைய கைடு கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனிதர் இந்த வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அதற்குள் முடியாவிட்டால் வேறு கைடு பிடித்து, அவர் மனது வைத்து, மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே அவள் கத்தியதில் எனக்குக் கோபமே வரவில்லை. சரி, கொஞ்சம் வந்தது.

நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் போன் செய்து, ஆசிரியர் பெயரையும் பத்திரிகைப் பெயரையும் சொல்லி, “கானாங்கெளுத்தி பத்தினது சார்” என்றிருக்கிறாள். எடுத்தவர் எங்கள் நூலகர். கும்பகோணத்துச் சைவர், முட்டையைக் கூடத் தூரத்திலிருந்து பார்ப்பவர். அதே ஆசிரியர் அதே இதழில் இரண்டு மீன்களைப் பற்றி எழுதித் தொலைத்திருந்தார். சார் செல்போனில் ‘கெளுத்தி’க்கு இங்கிலீஷ் தேடினார், வந்தது, வாங்கிவிட்டார். கெளுத்தி ஆற்றில் மீசையோடு திரிவது, கானாங்கெளுத்தி கடலில் கூட்டமாகப் போவது என்று நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கானாங் அப்படிங்கிறது ஏதோ அடைமொழின்னு நெனைச்சேம்மா.”

டோக்கன்

கட்டுரை வாங்கக் கம்பெனிக்காரனிடம் முன்கூட்டியே டோக்கன் வாங்கி வைத்திருப்போம். ஒரு கட்டுரைக்கு ஒரு டோக்கன். அது காகிதம் இல்லை, கையில் பிடிக்க முடியாது, கணக்கில் மட்டும் இருக்கும். இதை நம் ஊரில் சொல்லிப் புரியவைத்துப் பாருங்கள். ரேஷன் கடையும் ஆஸ்பத்திரியும் டோக்கனுக்கு ஓர் அர்த்தம் கொடுத்து வைத்திருக்கின்றன. கோட்டுச்சேரியிலிருந்து வருகிற ஒரு முதுகலை மாணவர், ‘டோக்கன் இருந்தால்தான் கட்டுரை’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, ஒருநாள் நான் பூட்டைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். தனக்குப் பின்னால் இடம் போட்டு ஒரு செங்கல் வேறு வைத்திருந்தார். “என் ஃப்ரெண்டுக்கு மேடம், அவன் அடுத்த பஸ்ஸுல வர்றான்.”

சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது. கெளுத்தியில் போனது இருந்ததில் கடைசி டோக்கன் என்று தெரிந்தபோது சிரிப்பு வரவில்லை. புது டோக்கன் வாங்கக் கல்லூரி முதல்வர் தன் கணக்கில் நுழைந்து ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். வேறு யாரும் அழுத்தக் கூடாது. வினோதாவிடம் இதைச் சொன்னபோது அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் மோசம். “அப்ப எனக்கு முன்னாடி வாங்கினது யாரு மேடம்?” என்றாள்.

சும்மா கிடைப்பது

வாங்கியது ஒரு பேராசிரியர். அவர் கேட்ட கட்டுரை இணையத்தில் இலவசமாகவே இருந்தது. ஆசிரியரே போட்டு வைத்திருந்தார். நான் சந்தோஷமாக எடுத்து அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கலப்பட மிளகாய்த் தூளைப் பார்ப்பதுபோல. கம்பெனி முத்திரை எங்கே என்றார். அதே எழுத்து, அதே படம், அதே அட்டவணை சார் என்றேன். கேட்கவில்லை. நூலகரைப் பார்த்துப் பேசி, டோக்கன் போட்டு, முத்திரையோடு வாங்கிக்கொண்டுதான் விட்டார். போகும்போது எனக்கு உபதேசம்: “சும்மா கிடைக்கிறதுல என்னம்மா இருக்கப் போவுது?”

மாற்றித் தரப்பட மாட்டாது

தப்பான கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனிக்கு மெயில் எழுதினேன். சிஸ்டர்கள் பார்த்திருந்தால் சுவரில் ஒட்டியிருப்பார்கள், அப்படியோர் இங்கிலீஷ். உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று இயந்திரம் பதில் போட்டது. மறுபடி எழுதினேன். மறுபடியும் முக்கியமானது என்றது. மூன்றாவதாக ஒரு மனிதப் பிறவி எழுதியது: திறந்து பார்த்துவிட்ட பொருள் மாற்றித் தரப்பட மாட்டாது. கட்டுரை எழுதிய ஆசிரியருக்கே கேட்டு எழுதினோம். அவர் அந்த வேலையை விட்டுப் போய்விட்டாராம், மெயில் முட்டித் திரும்பி வந்தது. திருட்டுத்தனமாக எடுக்கிற இடங்களிலும் வினோதா தேடியிருப்பாள் போல. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. “அங்கயும் கெளுத்திதான் கெடக்கு” என்று மட்டும் முணுமுணுத்தாள்.

வியாழக்கிழமை அவளுடைய அம்மா வந்தார். மீன் ஏலம் முடிந்த கையோடு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. மகள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, என்னதான் நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். நான் முழுக்கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு நூலகர் அறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, அவர் காதில் விழும்படி சொன்னார்: “கூடை மாறிப் போச்சுன்னா நாங்களே மாத்திக் குடுத்துருவோம். இம்மாம் படிச்சவன் மாத்த மாட்டானாமா?”

உள்ளே நூலகர் அனுமதி கேட்டு முதல்வருக்கு எழுத ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை

இதை எழுதிக்கொண்டிருப்பது அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். அனுமதி கேட்டு அனுப்பியாயிற்று. முதல்வர் அழுத்தினால் டோக்கன் வரும். டோக்கன் வந்தால் கட்டுரை வர ஒரு நிமிஷம் ஆகாது. பதிலின் மற்ற பக்கங்களை எல்லாம் வினோதா தயார் செய்து, நடுவில் ஒரு பத்தி மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் கம்ப்யூட்டர் திரையை முறைக்கிறாள்.

முதல்வரோ இன்றைக்கு லீவு. சேலத்துச் சம்பந்தி வீட்டார் சனீஸ்வரனைப் பார்க்க வந்திருக்கிறார்கள். நாளைக்குச் சனிக்கிழமைக் கூட்டம் என்று இன்றைக்கே திருநள்ளாறு. இந்த ஊரில் உத்தியோகம் பார்க்கிறவருக்கு ஊரெல்லாம் சம்பந்தி, அத்தனை பேருக்கும் சனிப் பெயர்ச்சி. கோயிலுக்குள் அவர் போனைத் தொடமாட்டார். வெளியே வந்ததும் பார்ப்பார் என்று நூலகர் சொல்கிறார். காலையிலிருந்து சொல்கிறார். பாவம், அவரும் சாப்பிடப் போகவில்லை.

மாடியில் கைடுக்கு மாலை போட்டாகிவிட்டது. மைக்கில் யாரோ அவருடைய எளிமையைப் புகழ்கிறார்கள். அவர் நடுவில் ஒருமுறை எழுந்து வந்து, கழுத்தில் மாலையோடு எங்கள் கதவருகே நின்று பார்த்தார். இன்னும் வரவில்லை என்று நான் தலையை ஆட்டினேன். “நான் பேனாவ உள்ள வைக்கலம்மா, ஆபீஸ் பூட்டுற வரைக்கும் இருக்கேன்” என்று வினோதாவிடம் சொல்லிவிட்டுப் படியேறினார். வினோதா என் பக்கம் திரும்பினாள். இந்த வாரத்தில் முதன்முறையாக மேடம் போய் அக்கா வந்தது. “அக்கா, இன்னொரு தடவ கூப்புட்டுப் பாருங்களேன்.”

கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அதற்குள் சாயங்காலமாகி, பியூன் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்துவிட்டார்.

கேட்ட நேரத்தில் கேட்டதை வாங்கித் தரும் இந்தத் திட்டத்தில், கேட்பது ஒன்றுதான் எங்கள் கையில் இருக்கிறது என்பதால் மறுபடியும் வாட்ஸப்பில் தட்டி அனுப்புகிறேன்: “சார், ஒரே ஒரு பொத்தான்தான், இருக்கீங்களா?”