பட்டுக்கு வந்த தண்ணீர்

போன ஆடியில் என் மகள் யாழினிக்கு மூன்றாவது முறையாக வயிற்றுப்போக்கு. இரண்டு வயதுக் குழந்தை துவண்டு கிடந்தாள். ஊசி போட நரம்பே கிடைக்கவில்லை.

"தண்ணி காய்ச்சித்தான குடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். காய்ச்சித்தான் கொடுத்தேன். ஆனால் சரியாகக் கொதித்ததா, டம்ளரை எதில் கழுவினேன் என்று என் மேலேயே சந்தேகம். படித்து என்ன பயன் என்று அழுதேன்.

காஞ்சிபுரத்தின் ஓரத்தில் இருக்கும் எங்கள் தெருவுக்கு அப்போது குடிநீர்க் குழாய் இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே போர்வெல் தண்ணீர்தான்.

குழந்தை வீடு திரும்பிய வாரம், வெள்ளிக்கிழமை, காமாட்சி அம்மன் முன் நின்றேன். "நான் எங்கே தவறுகிறேன், காட்டிவிடு தாயே" என்று மட்டும் வேண்டினேன்.

திரும்பி வந்தால் மாமனாரின் சாயப்பட்டறையில் சத்தம். வேலையாள் சேகர் அண்ணன் போர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றப் போயிருக்கிறார்.

"அத ஊத்தாதபா. சாயம் திட்டுத்திட்டா ஏறும், பட்டு வீணாப்பூடும். லாரி தண்ணி வரட்டும்" என்று மாமா தடுத்துக்கொண்டிருந்தார்.

சாயத்துக்காகப் பாலாற்றங்கரைக் கிணற்றிலிருந்து லாரியில் தண்ணீர் வரும். ஐந்து வருடமாகப் பார்க்கிறேன். அன்றுதான் அது என் மனதில் பட்டது.

எதிர் வீட்டுத் தேவகி அக்காவிடம் விட்டிருந்த குழந்தையை அழைக்கப் போனேன். அக்காவின் பிள்ளைகளோடு உட்கார்ந்து பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என் அடுப்பில் மட்டும் காய்ச்சி என்ன பயன்?

அதுவரை மாமாவை எதிர்த்துப் பேசியதில்லை. "மாமா, பட்டுக்கு ஆவாத தண்ணியத்தான் தெருப் பிள்ளைங்க எல்லாம் குடிக்குது" என்றேன். அதிகம் பேசிவிட்டேனோ என்று உடனே பயம்.

மறுநாள் மாமா லாரியைத் தெருமுனையிலேயே நிறுத்தினார். "சாயம் அப்புறம் போட்டுக்கலாம். குடத்த எடுத்தாங்கமா."

"பட்டு குடிக்கிற தண்ணியாமே. எங்க வீட்டுக்காரர் பளபளன்னு ஆவறாரா பாக்கலாம்" என்றார் தேவகி அக்கா. மாமாவும் சிரித்தார்.

குடிநீர்க் குழாய் கேட்டு நான் மனு எழுதினேன். தெருப் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். மாநகராட்சி அலுவலகத்துக்கு மாமாவே முன்னால் நடந்தார். அதிகாரிகள் இரண்டு தண்ணீரையும் பரிசோதித்தார்கள். கிணற்றுத் தண்ணீர் நல்லது. போர் தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தது. தை மாதம் குழாய் வந்தது. அதுவரை லாரி தெருமுனையில்தான் நின்றது.

அதற்குப் பிறகு யாழினியைத் தூக்கிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. இப்போதும் எதற்கெடுத்தாலும் எனக்குக் கவலை வரும். ஆனால் அம்பாள் கேட்கிறாள் என்பதில் மட்டும் சந்தேகம் வருவதில்லை. தாய்மார்களே, தயங்காமல் அவளிடம் கேளுங்கள். என் ஒரு குழந்தைக்காகத்தான் நான் கேட்டேன். அவள் தெருவுக்கே கொடுத்தாள்.