வாவியின் நடுவில் இடியப்பம் கூப்பிட்டது

வாவியைக் கடக்கும் படகுப் பாதையை எங்கள் பக்கத்தில் பாதை என்று மட்டும் சொல்வோம். இயந்திரம் பூட்டிய அகலமான தட்டு அது. காலையில் குருக்கள்மடத்தில் மோட்டார் சைக்கிள்களோடும் ஸ்கூட்டிகளோடும் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் அக்கரையில் இருக்கும் படுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும் ஆசிரியர்கள். நடு வாவியில் அவர்களுக்கு எந்த அவசரமும் கிடையாது. சேலை மடிப்பைச் சரிசெய்வார்கள், அதிபரைப் பற்றிக் கதைப்பார்கள், நீர்க்காகம் முங்கி எங்கே எழும்பும் என்று பந்தயம் பிடிப்பார்கள். அக்கரை கிட்டியதும் கதை நின்றுவிடும். எல்லோரும் ஹெல்மெட்டை மாட்டுவார்கள். இறங்குபலகை மண்ணில் படுவதற்கு முன்பே எஞ்சின்கள் உறுமத் தொடங்கும். பலகை விழுந்ததும் ஒரே பாய்ச்சல். புழுதி அடங்கும்போது கரையில் மிஞ்சி நிற்பது மச்சாளும் ஒரு பெட்டி இடியப்பமும்தான்.

மச்சாளும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். என் அண்ணாவைக் கட்டிய பிறகுதான் அவள் மச்சாள் ஆனாள். அதற்கு முன் அவளுக்கு நான் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. இறங்குதுறைக்குப் பக்கத்தில், அவளுடைய தாய் சீதனமாகக் கொடுத்த காணித் துண்டில், காலைச் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தாள். இடியப்பம், பிட்டு, ரொட்டி, கட்டைச் சம்பல், சொதி. ருசியில் ஒரு குறையும் இல்லை. வாங்குவதற்குத்தான் ஆள் நிற்பதில்லை.

அண்ணா கட்டாரில் இருந்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அண்ணாவின் வேலைத் தவணை முடிவதற்குள் கடை ஓடத் தொடங்கினால் அண்ணா வேலையை விட்டுவிட்டு வருவார். ஓடாவிட்டால் மச்சாள் கடையைப் பூட்டிவிட்டு விமானம் ஏறுவாள். அண்ணாவுக்கு அங்கே பதினோராம் மாடியில் ஓர் அறை. "யன்னலத் தொறந்தா காரும் மணலும்தானாம். நான் அங்க இருந்து என்னத்தப் பாக்கிற?" என்று அவள் கேட்பாள். அவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை பிடிப்பது என்ற கவலை எனக்கு.

"ஏன் நிக்கிறாங்க இல்ல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீயே பாரன். கிறுகிக்கூடப் பாக்காமப் போகுதுகள்."

பார்த்தேன். ஒருவர் நின்றால் பின்னால் வருகிறவர் ஹோன் அடிக்கிறார். பணப்பை சீட்டுக்கு அடியில் இருக்கிறது. மிச்சக் காசு எண்ணுவதற்குள் முதலாம் மணி அடித்துவிடும். ஒரு டீச்சரை மச்சாள் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டாள். "மறுகா பாப்பம் தங்கச்சி" என்று அவர் பறந்துவிட்டார்.

நான் வீட்டில் இருந்தபடி கணினி மென்பொருள் வேலை செய்கிறவள். யாராவது ஒரு சிக்கலைச் சொன்னால், அதைச் சிறு துண்டுகளாக வெட்டி வரிசைப்படுத்தும்வரை எனக்குத் தூக்கம் வராது. இந்தச் சிக்கலுக்கு என் விடை, போனுக்குள் இருக்கும் ஒரு பாஸ்.

"பாஸ் எண்டா? பஸ் பாஸ் மாதிரியா?"

"ஓம். ஆனா போனுக்குள்ள, வோலட்டில இரிக்கும். பத்துச் சாப்பாட்டுக்கு முதலே கட்டி வைக்கலாம். வந்து போனக் காட்டினாக் காணும், வேறொண்டும் வேணாம். நீ உன்ர போனால ஸ்கேன் பண்ணிட்டுப் பார்சலக் குடுப்பாய். காசும் இல்ல, மிச்சமும் இல்ல, ஒருத்தர் கை மத்தவர்ல படுறதும் இல்ல."

"காட்டுறதுக்கும் நிக்கத்தானே வேணும்?"

"மெதுவா வந்தாக் காணும்."

"மெதுவா," என்று அவள் திருப்பிச் சொன்னாள். "நீ இந்தச் சனத்தப் பாத்திருக்கியா கா?"

இருந்தாலும் வேலையைத் தொடங்கினோம். பாஸின் நிறம் விடியற்காலை வாவியின் பச்சை. அதில் அவளுக்கும் எனக்கும் தகராறு இல்லை. படத்தில்தான் தகராறு. மச்சாள் தன்னுடைய கல்யாணப் படத்தைப் போடச் சொன்னாள். எலக்சன் நோட்டீஸ் மாதிரி இருக்கும் என்றேன். "அப்ப வோட்டாவது விழும்," என்றாள். கடைசியில் ஒரு இடியப்பத் தட்டின் படத்தில் சமாதானமானோம். போன்கள் இரண்டு வகை என்பதால் பாஸையும் இரண்டு விதமாகச் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதிவு, பாஸ் போலியில்லை என்று காட்டத் தனியாகக் கையொப்பக் கோப்பு. கடையில் போனைத் தட்டியே கணக்குத் தீர்க்கும் வசதிக்கு இன்னும் பெரிய அனுமதி வேண்டும். அதற்குக் காத்திருந்தால் மச்சாள் கட்டாரில் இருப்பாள். ஆகவே பாஸில் ஒரு சதுரக் குறியீடு போதும் என்று முடிவு செய்தேன். பாஸை எடுத்துக்கொள்வதற்கு மட்டும் சிப் வைத்த ஸ்டிக்கர். பாதைக்காரரிடம் கேட்டுக் கைப்பிடிக் கம்பியில் அதை ஒட்டினோம். போனை அதில் தொட்டால் பாஸ் வந்து உள்ளே உட்கார்ந்துவிடும்.

அந்தத் தொடுகை எல்லோருக்கும் பிடித்துப்போனது. சேர்மார் வரிசையில் நின்று தொட்டார்கள். ஒரு டீச்சர் தொட்டுவிட்டு, வந்துவிட்டதா என்று பார்க்க மறுபடியும் தொட்டார். பாதையில் தன் தோணியை ஒரு நாள் கட்டியிருந்த மீன்பிடிக்கார அண்ணர் ஒருவர், என்ன ஏது என்று கேட்காமல் தானும் தொட்டுக்கொண்டு போனார். முதல் தேநீர் சும்மா என்று போட்டிருந்தோம். பாஸ் எடுத்தவர்கள் ஏராளம். சாப்பாடு வாங்கினவர்கள் யாரும் இல்லை.

நான் மிகவும் நம்பியிருந்த வசதி ஒன்று இருந்தது. கடைக்குக் கிட்ட வந்ததும் பாஸ் தானாகவே போன் திரையில் எழும்பி நிற்கும். தேடத் தேவையில்லை. பாஸின் பின்பக்கத்தில் மூன்று பொத்தான்கள்: இடியப்பம், பிட்டு, ரொட்டி. அமத்தினால் மச்சாளின் போனுக்குச் செய்தி போகும்; பாஸில் காசு இல்லாவிட்டால் கட்டும் பக்கம் அங்கேயே திறக்கும். அது எப்படி நடக்கிறது என்று பார்க்க அன்று காலை நானும் பாதையில் வந்தேன். கரை கிட்டியது. திட்டமிட்டபடியே எல்லாப் போன்களும் எழும்பின. சீட்டுகளுக்கு அடியிலும் மழைக்கோட்டுகளுக்கு உள்ளேயும் கைப்பைகளின் அடியாழத்திலும் கிணுங் கிணுங் என்று சத்தம் கேட்டது. அதற்குமேல் எஞ்சின்கள் உறுமின. பலகை விழுந்தது. புழுதி.

"நல்லா வேல செய்யுது கா," என்றாள் மச்சாள். "சீட்டுக்கெல்லாம் பசிக்குது போல."

சிரித்தோம். மிஞ்சிய இடியப்பத்தைச் சாப்பிட்டபடி சிரித்தோம். பிறகு அவள் அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து மேசையில், சம்பல் படாத பக்கமாக, வைத்தாள். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பின்னேரம் பாஸின் வாசகத்தை மாற்றினேன். நான் எழுதியிருந்தது, "வணக்கம், உங்கள் பாஸ் தயாராக உள்ளது." வங்கிக் கடிதம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு மச்சாள் தானே சொன்னாள், நான் எழுதினேன்: "இடியப்பம் சூடா இரிக்கு. வாறியளா?"

கடையில் சிக்னல் ஒரு கோடுதான். செய்தி வரும், ஓர் அழைப்பு வரும், அதற்குமேல் தாங்காது. நல்ல சிக்னல் வேண்டுமானால் வாவியின் நடுவுக்குப் போக வேண்டும். இரண்டு கரைக் கோபுரங்களும் அங்கேதான் ஒன்றாக எட்டும். வெளிநாட்டுக்கு வீடியோ அழைப்பு எடுக்கிறவர்கள் அதற்காகவே பாதையில் ஏறி, இறங்காமல் அதே பாதையில் திரும்புவார்கள். நானும் மடிக்கணினியோடு ஏறினேன். நடு வாவியில் மாற்றத்தை அனுப்பினேன். கடையின் இடம் இதுதானா, இப்போது இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளவா என்று திரை ஏதோ கேட்டது. அந்த நேரம் பார்த்துப் பாதைக்காரர், "என்ன தங்கச்சி, வாவிக்கு ஓன்லைன்ல மீன் விடுறியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே ஓம் என்பதை அமத்தினேன்.

மறுநாள் காலையும் பாதையில் நின்றேன். வாவி கண்ணாடிபோல் இருந்தது. நீர்க்காகம் முங்கியது. பந்தயம் தொடங்கியது. திடீரென்று தட்டு முழுவதும் கிணுங்கியது.

"ஆருக்கு மெசேஜ்?"

"எனக்கு."

"எனக்கும்தான்."

ஹெல்மெட்டைக் கையில் பிடித்திருந்த சேர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். "இடியப்பம் சூடா இரிக்காம். வாறியளா எண்டு கேக்குது."

"ஆர் சேர் கேக்கிற?"

"இடியப்பம்தான்."

"வீட்டில ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறல்லப் போல," என்றார் பக்கத்தில் நின்ற டீச்சர். "சேர்ர முகம் மலர்ந்து போச்சு."

தட்டு ஒரு பக்கம் சரியும் அளவுக்குச் சிரித்தார்கள். கரையில் வரவேண்டிய செய்தி நடு வாவியில் ஏன் வந்தது? என் போனில் வரைபடத்தைத் திறந்தேன். மச்சாளின் கடை, நான்கு பக்கமும் தண்ணீர் சூழ, வாவியின் நடுவில் இருந்தது.

அதைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் அந்த டீச்சர் பொத்தானை அமத்திவிட்டார். "நான் பிட்டு கேட்டிட்டன். இடியப்பத்துக்குக் கோவம் வருமோ தெரியா."

"எனக்கு ரெண்டு இடியப்பப் பார்சல். எங்க அமத்திற?"

"இஞ்ச சேர், கீழ."

எல்லோருடைய கையும் சும்மா இருந்தது. போன் கையில் இருந்தது. பசி இருந்தது. கரைக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. என் திட்டத்தில் நான் விட்டுவைத்த துண்டு அதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. இந்தச் சனத்தைக் கரையில் பிடிக்க முடியாது. தண்ணீரில்தான் பிடிக்க வேண்டும்.

பலகை விழுந்தபோது யாரும் பாயவில்லை. கேட்டு வைத்த சாப்பாட்டை விட்டுவிட்டு யார் போவார்? முதலாம் கியரில், ஒரு கையில் போனை நீட்டியபடி, ஊர்வலம்போல் வந்தார்கள். மச்சாள் தலையை நிமிர்த்தவே இல்லை. லஞ்ச் ஷீட்டில் சுற்றிய பார்சல்கள் வரிசையாக இருந்தன. நீட்டிய போனைப் பார்ப்பாள், ஸ்கேன் பண்ணுவாள், அவள் போன் திரையில் பச்சை விழும், பார்சலை ஸ்கூட்டியின் கொக்கியில் கொளுவுவாள், "அடுத்தது" என்பாள். முகங்களைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. இடியப்பப் பெட்டி காலியானபோது இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்கு ரொட்டியைச் சுடச் சுடக் கொடுத்தாள்.

எல்லோரும் போன பிறகு, "ஒரு பிழை விட்டிட்டன்," என்றேன். "கடைய வாவிக்குள்ள வச்சிட்டன். பின்னேரம் திருத்திவிடுறன்."

"தொட்டியெண்டாக் கைய முறிப்பன்," என்றாள்.

ஆகவே கடை வாவியிலேயே இருந்தது. அதனால் சில சங்கடங்களும் வந்தன. பள்ளிக்கூடம் விட்டுத் திரும்புகிறவர்களையும் அது பகல் வெயிலில் இடியப்பத்துக்குக் கூப்பிட்டது. அந்த மீன்பிடிக்கார அண்ணர் ஒரு நாள் தோணியைக் கடையின் பின்பக்கம் ஒதுக்கிவிட்டு வந்தார்.

"தங்கச்சி, வலய எடுக்கக்குள்ள எல்லாம் உன்ர இடியப்பம் கூப்பிடுது. நாலாம் தரம். மீன் பயந்து ஓடுது."

"அப்ப பாஸ அழிச்சு விடவா அண்ணே?" என்று கேட்டேன்.

"ஏன் அழிக்கிற? நான் சாப்பிட எல்லவா வந்த."

அதற்குப் பிறகு தினமும் வந்தார். இறால் இருந்தால் இறாலும் கொண்டுவந்தார். மச்சாள் சொதியில் இறால் போடத் தொடங்கினாள். பிட்டு கேட்டவர்கள் இடியப்பத்துக்கு மாறினார்கள்.

அண்ணாவுக்கு இது எதுவும் சரியாகத் தெரியாது. நன்றாகப் போகிறது என்று மச்சாள் சொன்னதை, விமானம் ஏற மனமில்லாமல் சொல்லும் பொய் என்று நினைத்திருக்கிறார். ஒரு நாள் காலை, கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றோ என்னவோ, சரியாகப் பாதை கரை தட்டும் நேரத்தில் அழைத்தார். ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்த திரையை அவருடைய படம் மூடியது. மச்சாள் அழைப்பை வெட்டினாள். மறுபடியும் வந்தது. மறுபடியும் வெட்டினாள். பின்னால் ஹோன் கேட்டது.

"தங்கச்சி, ஆளோட கதைச்சிட்டுத் தாவன், நாங்க நிக்கிறம்," என்றார் முன்னால் நின்ற சேர். அந்த இறங்குதுறையில் யாரும் அதுவரை சொல்லாத சொல் அது.

மூன்றாவது தரம் எடுத்தாள். "என்ன?"

"ஏன் கட் பண்ணுற? என்ன சத்தம் அங்க?"

"சனம் நிக்கிது. கதைக்க ஏலா. நீங்க வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள். பச்சை விழுந்தது. "அடுத்தது."

அன்று பாஸ்போட் அலுமாரிக்குள் போனது. நான் அண்ணாவுக்கும் ஒரு பாஸ் அனுப்பினேன். இதை இங்கே வைத்து நான் என்ன செய்ய என்று கேட்டார். வைத்திருங்கள் என்றேன்.

தவணை முடிவதற்கு முன் வந்தார். வருகிற நாளை எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார். நகரத்திலிருந்து என் ஸ்கூட்டியின் பின்சீட்டில், மடியில் பெரிய பையோடு குருக்கள்மடம்வரை வந்தார். பாதையில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நடு வாவியில் தட்டு கிணுங்கியது. அண்ணா துள்ளித் தன் சட்டைப்பையைப் பிடித்தார்.

"என்ன இது? வாறியளா எண்டு கேக்குது."

"கேக்குதெண்டா மறுமொழி குடுங்கவன்," என்றார் நெற்றியில் கண்ணாடி ஏற்றிய சேர். "ஊருக்குப் புதுசா?"

"ஓம், கொஞ்சம் புதுசுதான்," என்றார் அண்ணா. எந்தப் பொத்தான் என்று என்னிடம் கேட்கவில்லை. பிட்டை அமத்தினார்.

கரையில் நான் வேண்டுமென்றே பின்னால் ஒதுங்கினேன். அவர் வரிசையில் நின்று, முறை வந்ததும் மற்றவர்களைப்போல் போனை நீட்டினார். மச்சாள் ஸ்கேன் பண்ணினாள். பச்சை விழுந்தது. பார்சலைக் கொளுவக் கை போனது. ஸ்கூட்டியும் இல்லை, கொக்கியும் இல்லை.

"நடந்தா வந்தீங்க? கையில பிடிங்க சேர், சூடு. அடுத்தது."

யாரும் நகரவில்லை. "அடுத்தது," என்றாள் இன்னொரு தரம். பிறகுதான் நிமிர்ந்தாள்.