அவளுடைய வெளுப்பு

1954-ஆம் ஆண்டு மாசி மாதம். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் புறப்படுவதற்காகப் பூதப்பாண்டியில் எங்கள் வீடு விடியற்காலையிலேயே பரபரத்துக்கொண்டிருந்தது. அப்போது நான் நாகர்கோவிலில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். எந்தச் சொல்லையும் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் அந்த ஓராண்டாக எங்கள் வீட்டில் ஓயாமல் புழங்கிய ஒரு சொல்லை மட்டும் நிறுத்துப் பார்க்க முடியவில்லை. கேட்டவுடனேயே நெஞ்சு எரிந்தது. 'வெளுப்பு' என்பதே அந்தச் சொல்.

அதற்கு உரியவள் என் தாய்மாமன் மகள். மாமா இளமையில் ரங்கூனுக்குக் கணக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பர்மியப் பெண்ணை மணந்துகொண்டவர். போர் வந்தபோது மனைவியையும் சிறு குழந்தையையும் அழைத்துக்கொண்டு காடும் மலையும் கடந்து நடந்தே வந்து, மதுரையில் தங்கிவிட்டார். மாமி காலமான பிறகு மகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். என்னைவிட இளையவளான அவள் என்னை மதினி முறையில் 'மைனி' என்று அழைத்தாள்.

வந்த அன்றே அம்மா அவள் முகவாயைத் தொட்டு, "எனக்க அண்ணன் மொவ துருவின தேங்கா மாதிரில்லா இருக்கா!" என்றாள். பிறகு அம்மாவின் பார்வை என் கறுத்த முகத்தின் மேல் வந்து விழுந்தது. வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

முறைப்படி அவளை என் அண்ணனுக்குச் சித்திரையில் மணமுடிப்பதாகப் பேசி முடித்தார்கள். அம்மாவின் மடியும் அண்ணனின் சிரிப்பும் அவள் பக்கம் போய்விட்டன. ஒரு குடம் தண்ணீர் இறைத்தால் அவள் மூச்சுவாங்கி உட்கார்ந்துவிடுவாள். "பூப்போல ஒடம்பு, பாவம்," என்று அம்மா குடத்தை என் இடுப்புக்கு மாற்றுவாள். நானும் ஒரு நாள் மூச்சுவாங்கிப் பார்த்தேன். "என்னட்டி, மாடு மாதிரி இரைக்க?" என்றுதான் கேட்டாள்.

கொடைக்குப் புறப்பட்ட அன்று அவளுக்குக் கண்மை தீட்டும் வேலை எனக்கு வாய்த்தது. அவளோடு என்னை ஒப்பிட்டுப் பார்ப்பதே என் அன்றாடத் தொழிலாகிவிட்டிருந்ததால் அவள் இமை, புருவம், விரல் எதுவும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. கீழிமையை மெல்ல இழுத்தேன். உட்புறம் சிவப்பே இல்லை. இளநீர் வழுக்கையைப் போல வெளிறியிருந்தது. கண்ணாடி முன் போய் என் இமையை இழுத்துப் பார்த்தேன். நல்ல சிவப்பு. அத்தனை ஒப்பீடுகளிலும் தோற்றிருந்த நான் முதன்முறையாக வென்றேன். ஆனால் அவள் உடம்பில் ரத்தமே இல்லையோ என்று பயந்து மைச்சிமிழை வைத்துவிட்டு எழுந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன்.

"கண்ணுக்குள்ளயும் வெளுப்புன்னு பாத்தாச்சா? ஒனக்கு வயித்தெரிச்சல்ட்டி!"

அது உண்மைதான். ஆனாலும் இமை வெளிறியிருந்ததும் உண்மைதானே? பின்னால் நின்ற மாமா விளக்கை எடுத்துவந்து மகளின் இமையைத் தாமே இழுத்துப் பார்த்தார். அன்று அவர்கள் இருவரும் மண்டைக்காட்டுக்கு வரவில்லை. நாகர்கோவில் மருத்துவர் மண்ணீரல் வீங்கியிருப்பதாகச் சொல்லி, திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே, திருமணப் பேச்சை அறிந்த மருத்துவர் எங்கள் எல்லோரையும் வரச்சொல்லி ரத்தம் எடுத்துப் பார்த்தார். இது பிறவியிலேயே ரத்தத்தில் வரும் குறை என்றார்.

அம்மா உடனே, "ரங்கூன்காரி கொண்டுவந்த வினையாக்கும்!" என்றாள்.

மருத்துவர் மறுத்தார். தாய்வழி வந்தது ஒரு வகைக் குறை. அது கிழக்கு நாட்டாரிடம் காணப்படுவதாகத் தாம் அண்மையில்தான் படித்ததாகச் சொன்னார். தந்தைவழி வந்தது வேறொரு வகை. மாமாவின் ரத்தத்தில் அதன் அடையாளம் தெரிகிறது. தனித்தனியே இருந்தால் இரண்டும் ஆளைப் பெரிதாக வருத்துவதில்லை. மாமா ரங்கூனுக்குப் போகாதிருந்தால், எங்கோ பிறந்த இரண்டு குறைகளும் ஓர் உடம்பில் வந்து சேர்ந்திருக்காது. மாமாவுக்கு இருக்கும் அதே அடையாளம் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இருப்பதால், இந்தத் திருமணம் வேண்டாம். பிறக்கும் குழந்தைகள் இவளைவிடத் துன்பப்படக்கூடும் என்றார்.

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். கட்டிலில் கிடந்த மாமன் மகள் மெல்லச் சொன்னாள்:

"எங்க அம்மைய மட்டும் சொன்னியளே அத்தே. பாதி உங்களுக்கதுல்லா?"

அண்ணன் சன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றான். சித்திரைக் கல்யாணம் அந்த அறையிலேயே முடிந்துபோயிற்று.

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அவளுக்கும் இருந்த அந்த அடையாளம் எனக்கு மட்டும் இல்லை. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் மூவரும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருக்க, நான் மட்டும் வெளியே உதிர்ந்து கிடப்பதுபோல் இருந்தது. ஒரு நோயின் பங்கு கிடைக்கவில்லை என்றும் பொறாமைப்பட முடியும் என்பதை அன்று அறிந்தேன்.

அவளுக்கு உடனே ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது; இனி வெளிறும்போதெல்லாம் ஏற்ற வேண்டும் என்றார் மருத்துவர். என் ரத்தம் குறையற்றதாகவும் பிரிவு ஒத்ததாகவும் இருந்ததால் கொடுத்தேன். சில நாட்களில் அவள் உதடு சிவந்தது, நகம் சிவந்தது. ஆஸ்பத்திரிக் குழாயடியில் குடத்தைத் தானே தூக்கினாள். ஊர் திரும்பியபோது அடுத்த வீட்டுக்காரி தெருவில் நின்று பார்த்து, "அய்யோ மக்கா, நெறம் மங்கிப் போச்சே!" என்று அங்கலாய்த்தாள்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மைனி, உனக்க நெறம் எனக்கு வந்துட்டு. இனி என்ன செய்வ?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முன்னால் நான் சிரித்தது அதுதான் முதல் முறை.

இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அம்மா இப்போதும் அவளுக்குத்தான் முதலில் சோறு போடுகிறாள். எனக்கு இப்போதும் சுருக்கென்றுதான் இருக்கிறது. அவள் மேல் அன்பு வைத்த அத்தனை பேரும் அழகு என்று கண்டதை நோய் என்று கண்டது என் பொறாமைக் கண். அதனால் அந்தக் கண்ணை நான் மூடிக்கொள்ளவில்லை. தெருவில் யாராவது அவளைப் பார்த்து, "நல்லா வெளுத்திருக்கியே மக்கா!" என்று புகழ்ந்தால், நாங்கள் இருவரும் மறுநாளே திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறோம்.