கதவில் நான் எழுதிய எண்

கோடாலி விழுந்ததும் அக்காவின் கதவு நடுவில் பிளந்தது. அதில் நான் சாக்பீஸால் எழுதியிருந்த எண்ணும் இரண்டாகப் போனது. அன்று எங்கள் தெருவில் எழுத்து இருந்த ஒரே கதவு அதுதான்.

நான் அக்கா என்று கூப்பிட்ட அவள் ஒரு திருநங்கை. மைன்ஸ் கேட்டுக்குப் போகும் வழியில், வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருந்தாள். நான் எட்டாவது வரை படித்தவள். போலியோ சொட்டு மருந்து நாட்களில் நர்சம்மாவோடு போய், மருந்து கொடுத்து முடிந்த வீடுகளின் கதவில் எண் எழுதுவேன். அதனால்தான் பால்வினை நோய் பற்றி ஆய்வு செய்ய வந்த குழு என்னை வழிகாட்டக் கூப்பிட்டது. எங்கள் தெருவில் அவர்கள் அக்கா வீட்டுக்கு மட்டுமே வந்தார்கள்.

கேட்டதெல்லாம் ஆண்களைப் பற்றித்தான். எத்தனை பேர், எங்கே, எப்படி. வாசலில் நின்ற எனக்கே முகம் எரிந்தது. அக்கா மூச்சு வாங்க இருமிவிட்டு, "பத்து வருஷமா அடுப்புப் புகையில இருமிக்கினு கெடக்கறேன். உங்க தாள்ல அதுக்கு ஒரு கேள்வி இல்லீங்களா?" என்றாள்.

"அது இந்த ஆய்வுல வராதுங்க."

"அப்போ இடுப்புக்கு மேல எனக்கு ஒண்ணுமே இல்லன்னு சொல்லுங்க" என்று சிரித்தாள்.

அவர்கள் ஜீப்பில் ஏறியதும், யாரும் சொல்லாமலே, பழக்கத்தில் கதவில் எண்ணை எழுதினேன்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்தார்கள். "நோய் வூடுன்னு குறி போட்டுட்டுப் போயிருக்கான் பாரு" என்றான் ஒருவன். "இவ கையாலயா இத்தினி நாளா தின்னோம்?" என்று கத்தினான், தினமும் இரண்டு தடவை சட்னி கேட்டு வாங்குகிறவன். அக்கா உள்ளே ஓடித் தாழ் போட்டாள். கதவை உடைத்தார்கள். முடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார்கள். கொதித்துக்கொண்டிருந்த இட்லிக் குண்டானை அவள் முதுகில் கவிழ்த்தார்கள். செங்கல் இறங்கியதில் மணிக்கட்டு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. நான் எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்றேன். நான்தான் எழுதினேன், அது வெறும் எண் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அழுதேன். "ஒன் எழுத்து எனக்குத் தெரியாதா? கடை போர்டு நீ எழுதனதுதானே" என்றாள் அக்கா. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "எழுதனத வுடு. அவனுங்க அடிக்கசொல்ல நீ பாத்துக்கினு நின்ன பாரு, அதான்டி."

ஆஸ்பத்திரியிலிருந்து குறிஞ்சிப்பாடிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இப்போது யாராவது சாக்பீஸை நீட்டினால் என் கை பின்னால் போகிறது. கூச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. பிளந்த கதவுக்குத் தகரம் அடித்திருக்கிறார்கள். போன மாதம் சொட்டு மருந்துக்கு வந்தவர்கள் அந்தத் தகரத்தின் மேல் எண் எழுதினார்கள். பக்கத்து வீட்டிலும், எதிர் வீட்டிலும், என் வீட்டிலும் எழுதினார்கள். ஷிப்டுக்குப் போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.